இ.ஜி.ஆர். வால்வு: கட்டுப்பாட்டு மின்சுற்றுப் பழுது

எஞ்சின் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எரியறைக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வுக்கும் அதை இயக்கும் கணினிக்கும் இடையிலான மின்தொடர்பு குலைவது இப்பழுது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமான ஓ.பி.டி.-2 பழுதறி முறையில் இதன் குறியீடு பி0403.

எரியறை வெப்பத்தைத் தணித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதே வால்வின் வேலை. கணினி இட்ட கட்டளைக்கும் சுற்றில் தென்படும் மின்னழுத்தத்துக்கும் பொருத்தமில்லாதபோது எச்சரிக்கை விளக்கு எரிகிறது.

கரி படிந்து வாயு ஓட்டம் குறைந்தால் பொதுவாக வருவது பி0401. ஆகவே பி0403-க்கு வால்வைக் கழற்றிக் கழுவுவது பெரும்பாலும் வீண் செலவு. தேட வேண்டியவை அறுந்த ஒயர், உரசித் தோலுரிந்த ஒயர், பச்சை பூத்த கனெக்டர் முனை, எரிந்த ஃபியூஸ், வால்வை இயக்கும் மின்காந்தச் சுருளின் பழுது.

சோதனை ஃபியூஸிலிருந்து தொடங்குகிறது. சாவியை ஆன் நிலையில் வைத்து, கழற்றிய கனெக்டரின் மின்வழங்கல் முனையை மல்டிமீட்டரால் அளக்கின்றனர். அத்தகைய சுருளால் இயங்கும் சாலினாய்டு வகை வால்வுகள் பலவற்றில் அங்கே பேட்டரி மின்னழுத்தம், ஏறத்தாழ 12 வோல்ட், கிடைக்க வேண்டும். பிறகு சுருளின் மின்தடை தயாரிப்பாளரின் கையேட்டு அளவோடு ஒப்பிடப்படுகிறது. ஒயர்கள் சீராக இருந்தும் கட்டளைத் துடிப்பு ஆஸிலோஸ்கோப்பில் தெரியாவிட்டால் மட்டுமே கணினியைச் சந்தேகிக்க வேண்டும்.

விட்டுவிட்டு வரும் பழுதைப் பிடிக்க, அளக்கும்போதே ஒயர்க் கட்டை அசைத்துப் பார்ப்பது வழக்கம்.