புதுச்சேரியில் இரண்டான விண்மீன்

புதுச்சேரியில், 1689 டிசம்பரில் வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் நோக்கிக்கொண்டிருந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ, தென்வானில் பேரொளியுடன் விளங்கும் ஆல்ஃபா சென்டாரி ஒரு மீனன்று, நெருங்கி நிற்கும் இரு மீன்கள் என்று கண்டறிந்தார். இந்திய வானியல் வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை. அயல்விண்மீன்களின் கோள்களைத் தேடிய தொடக்க முயற்சிகளுள் ஒன்றும் தமிழகத்தைச் சார்ந்ததே: 1855இல் சென்னை வானாய்வகத்தின் தலைவர் டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்னும் இரட்டை மீனின் இயக்கத்தில் கண்ட பிறழ்ச்சிக்குப் புலப்படாத கோளொன்று காரணமாகலாம் என்றார். அம்முடிவு பின்னர் நிலைக்கவில்லை.

கோளை நேரடியாகப் படமெடுப்பது இதனினும் கடினம். தாய்மீனின் ஒளி கோளின் மங்கிய ஒளியைப் பன்மடங்கு விஞ்சுவதால், அம்மீனை மறைப்பான் என்னும் சிறு தடுப்பால் மறைத்து, எஞ்சிக் கசியும் ஒளியையும் கணக்கீட்டால் நீக்கவேண்டும். ஏறத்தாழ 4.3 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆல்ஃபா சென்டாரியிலோ, ஒரு மீனை மறைத்தாலும் ரிஷோ பிரித்தறிந்த மற்றொரு மீனின் ஒளி படத்தில் பரவிவிடுகிறது. ஆயினும் 2024 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, வெப்பத்தை உணர்த்தும் அகச்சிவப்புக் கதிர்களால் எடுத்த படத்தில், சனியை ஒத்த நிறையுடைய கோளாக இருக்கலாம் எனக் கணிக்கப்படும் ஒளிப்புள்ளி ஒன்று தென்பட்டது; 2025இல் மீண்டும் நோக்கியபோது அது புலப்படாமையால், உறுதிபெறாத கோள்களின் வரிசையிலேயே அது வைக்கப்பட்டுள்ளது.