பதிவாகாத குரல்: காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை

காஞ்சிபுரத்தின் பெருமையை எடுத்துரைப்போர் கோயில்களையும் பட்டுத் தறிகளையுமே முதலில் கூறுவர். கல்லும் நூலும் கண்முன் நிற்பவை. குரலோ ஒலித்த அளவிலே மறைவது. அவ்வாறு மறைந்தும் பிறர் நாவில் வாழும் ஒரு குரல் இந்நகருக்கு உண்டு. அது நாயனாப் பிள்ளையின் குரல்.

சுப்பிரமணியம் என்னும் இயற்பெயருடைய இவர் 1889-ஆம் ஆண்டு பிறந்தார். தாயார் காமாட்சி அம்மாள். தாயாரின் உடன்பிறந்தவர் தனகோடி அம்மாள். மேடையேறிப் புகழ்பெற்ற அப்பெண்களின் இசையே இவர் வளர்ந்த சூழல். தனகோடி அம்மாளின் பாட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இசைத்தட்டில் ஏறியது. சகோதரியின் மகனோ 1934-இல் மறையும்வரை இசைத்தட்டுக்குப் பாடவில்லை. எனவே, அவர் பாட்டை நாம் நேரே கேட்கும் வழி இல்லை.

கேட்டோர் வியந்தது அவருடைய லய வன்மையை. பிடிலும் மிருதங்கமும் போதும் என்றிருந்த மேடையில் கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பல தாளப் பக்கங்களையும் ஒருங்கே அமர்த்திப் பாடினார். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்றே அதற்குப் பெயர். கஞ்சிராவில் இணையற்ற புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையும், கொன்னக்கோலில் மன்னார்குடி பக்கிரியாப் பிள்ளையும் அவருடன் அமர்ந்தவர்கள். அத்தனை பேர் நடுவிலும் தாளம் பிறழாது நிற்பது பாடகரின் பொறுப்பு.

இவ்வாற்றல் தமிழுக்கும் பயன்பட்டது. அருணகிரிநாதரின் திருப்புகழில் ஒவ்வொரு பாடலின் சந்தமும் தனித்தாளம் ஒன்றை வேண்டி நிற்கும். அவற்றைத் தாளத்தின் முழு நுட்பத்தோடும் கச்சேரி மேடையில் பாடியவர் நாயனாப் பிள்ளை. காஞ்சித் தறியில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து இணைப்பதற்குக் 'கோர்வை' என்று பெயர். தாளக் கணக்கைக் கூட்டி உரிய இடத்தில் சேர்ப்பதற்கும் இசையுலகில் அதே பெயர்தான். இரண்டிலும் இணைப்பு ஓர் இழை தவறினாலும் கண்ணுக்கோ காதுக்கோ தெரிந்துவிடும்.

இசைத்தட்டின் துணையின்றி ஒரு குரல் எத்தனை காலம் வாழும்? ஜப்பானில் இதற்கு ஒரு சான்றுண்டு. தகெமோதோ கிதாயு (1651–1714) என்பவர் 1684-இல் ஒசாகாவில் பொம்மலாட்ட அரங்கம் ஒன்றை நிறுவினார். மூன்று நரம்புகளையுடைய ஷமிசென் இசைக்க, பாடகர் ஒருவரே கதையையும் எல்லாப் பொம்மைகளின் பேச்சையும் பாடுவது அங்குள்ள முறை. நம் கதாகாலட்சேபத்தை அது நினைவூட்டும். கிதாயு பாடிய பாணி அவர் பெயராலேயே வழங்கி, ஆசிரியர் வாய்மொழியாக முந்நூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் ஒலிக்கின்றது.

நாயனாப் பிள்ளைக்கும் அவ்வாறே மாணவர் வாய்த்தனர். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975) அவர்களுள் முதன்மையானவர். அவர் வழியில் வந்தவரே மதுரை சோமு. வீணை தனம்மாளின் பேத்தியரான பிருந்தாவும் முக்தாவும் இளமையில் காஞ்சிக்கு அனுப்பப்பட்டு இவரிடம் தியாகராசர் கீர்த்தனைகளைப் பாடம் பண்ணினர். இவர் நடத்திய தியாகராசர் உற்சவத்தில் பாட்டுக் கேட்டு வளர்ந்த சிறுமியே டி. கே. பட்டம்மாள். பெண்களுக்கு உரியதன்று என்று ஒதுக்கப்பட்டிருந்த பல்லவியைப் பின்னாளில் மேடையில் பாடி நிலைநாட்டியவர் அவர்.

இவ்வரலாற்றில் ஒன்றை நாம் மறத்தலாகாது. நாயனாப் பிள்ளையை லயச் சிங்கமாக மட்டும் போற்றுவது பாதி உண்மையே. அவருக்கு முன்னே தாயும் தாயாரின் உடன்பிறந்தவரும் இருந்தனர். பின்னே பிருந்தாவும் முக்தாவும் பட்டம்மாளும் வந்தனர். பெண்களிடம் பெற்ற இசையைப் பெண்களிடமும் ஒப்படைத்த நடுக் கண்ணி அவர்.

பிருந்தா 1996-இலும், முக்தா 2007-இலும், பட்டம்மாள் 2009-இலும் மறைந்தனர். அவர்தம் மாணவர்கள் பாடி வருகின்றனர். சந்தப்பா எழுதும் நம் கவிஞர்கள், எழுதியதை ஒருமுறை தாளமிட்டு வாய்விட்டுப் பாடிப் பார்ப்பார்களாயின், காஞ்சியின் அக்குரலுக்குச் செய்யும் கைம்மாறு அதுவே ஆகும்.