ரொறன்ரோவில் போட்ட ஊசி



"இன்சுலின் தொடங்கிட்டா கதை முடிஞ்சுது சேர்" என்று நம்மட ஊரில் பலர் சொல்வார்கள். கதை தொடங்கியதே அந்த ஊசியால்தான்.

சோறு, பாண் எல்லாம் குடலில் குளுக்கோசாக உடைந்து இரத்தத்தில் சேர்கிறது. அங்கிருந்து அது தசைக்குள் போக, சதையி சுரக்கும் இன்சுலின் வேண்டும். 1889இல் மிங்கோவ்ஸ்கியும் வொன் மேரிங்கும் ஒரு நாயின் சதையியை அகற்றினார்கள். நாய்க்குச் சீனி வருத்தம் வந்தது. நோயின் இடம் பிடிபட்டது. மருந்துக்கோ இன்னும் 30 வருஷத்துக்கு மேல் சென்றது. அதுவரை சீனி வருத்தம் வந்த பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் எழுதிய மருந்து பட்டினிதான். எலும்பும் தோலுமாகி மௌத்தானார்கள்.

1922 ஜனவரி 11. கனடாவின் ரொறன்ரோவில் 14 வயது லெனார்ட் தொம்சன், நிறை சுமார் 30 கிலோ. பாண்டிங்கும் பெஸ்டும் மாட்டுச் சதையியிலிருந்து எடுத்த சாற்றை ஏற்றினார்கள். பலன் சொற்பம்; ஊசி போட்ட இடம் கட்டியானது. கொலிப் என்பவர் சாற்றைச் சுத்திகரித்தார் (இவர் பெயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள்). 23ஆம் திகதி மீண்டும் ஊசி. இம்முறை சீனி இறங்கியது. பையன் இன்னும் 13 வருஷம் வாழ்ந்தான். காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 டொலருக்குக் கொடுத்தார்கள்.

நோன்பு வந்தால் சிலர் ஊசியைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து முதலில் உங்கள் டொக்டரிடம் கேளுங்கள்.