சாய்ந்து ஓட்டும் மிதிவண்டி



தோட்டத்து வாழ்க்கையில் மிதிவண்டி பெற்றிருந்த இடத்தை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போனதும், பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குத் திரும்பியதும், பிள்ளையை முன்கம்பியில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதும், சம்பளம் வாங்கிய கையோடு டவுனுக்குப் போய் வந்ததும் அந்த வண்டியில்தான். இரண்டு சக்கரம், நடுவே இரும்புச் சட்டம், அதன்மேல் ஓர் இருக்கை. மிதிவண்டி என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது இந்த உருவமே.

மிதிவண்டிக்கு வேறு உருவம் இருக்க முடியாதா? முடியும். சாய்வு நாற்காலியில் அமர்வதுபோல் முதுகைச் சாய்த்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்கும் வண்டி ஒன்று உண்டு. அதைச் சாய்மிதிவண்டி என்று அழைப்போம். வேகத்தில் நம் வழக்கமான வண்டியை வென்ற வண்டி அது. வென்றும், பந்தயத் திடலிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட வண்டியும் அதுதான். அது எப்படி நடந்தது, வேலைக்குப் போய்வர அப்படி ஒரு வண்டியை வாங்க எண்ணுகிறவர் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பவற்றை இன்று காண்போம்.

முதலில் மிதிவண்டி பிறந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1817ஆம் ஆண்டு ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கர மரவண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதிகட்டை கிடையாது. காலால் தரையை உந்தித் தள்ள வேண்டும். 1860களில் பிரான்ஸ் நாட்டில் முன்சக்கரத்தில் மிதிகட்டை பொருத்தினார்கள். பிறகு, ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய முன்சக்கரமும் பின்னால் ஒரு குட்டிச் சக்கரமும் கொண்ட வண்டி வந்தது. அதிலிருந்து விழுந்தால் தலை தரையில் மோதும். 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறக்குறைய சமமான இரு சக்கரங்களும், பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் உடைய 'ரோவர்' வண்டியை வெளியிட்டார். இன்று நாம் ஓட்டும் வண்டி அதன் வாரிசு.

மூன்றாண்டுகள் கழித்து, 1888இல், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் டயர் செய்து மாட்டினார். நேயர்களே, நம் குடும்பங்களின் வரலாறு மிதிவண்டியின் வரலாற்றோடு கைகோக்கும் இடம் இதுதான். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டுவந்திருந்தார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை 1888இல் ஏற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தார். மிதிவண்டி டயருக்கும், அதைத் தொடர்ந்து மோட்டார் வண்டி டயருக்கும் ரப்பர் தேவைப்பட்டது. காடுகள் தோட்டங்களாயின. நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறினார்கள். எங்கோ ஒரு தகப்பன் தன் மகனின் வண்டிக்குச் செய்த டயர் நம்மை இந்த மண்ணில் கொண்டுவந்து சேர்த்ததில் ஒரு பங்கு வகித்தது.

சாய்மிதிவண்டியின் கதையிலும் ஒரு தகப்பனும் மகனும்தான் வருகிறார்கள்.

முதுகைச் சாய்த்து மிதிக்கும் வண்டியை 1890களிலேயே சுவிட்சர்லாந்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆயினும் அதை உலகம் திரும்பிப் பார்க்கச் செய்தவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த சார்லஸ் மொஷே. அவர் சிறிய மோட்டார் வண்டிகள் செய்தவர். தம் மகன் ஜார்ஜுக்காக நான்கு சக்கரங்கள் கொண்ட மிதி வண்டி ஒன்றைச் செய்தார். பார்ப்பதற்குக் குட்டிக் கார் போன்றது. ஆனால் எஞ்சின் கிடையாது. பையனின் வண்டியைக் கண்ட பெரியவர்களுக்கும் ஆசை பிறந்தது. இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து மிதிக்கும் பெரிய வண்டியை மொஷே செய்து விற்றார். அதற்கு 'வெலோகார்' என்று பெயர். கார் வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு அது கைகொடுத்தது.

ஒரே ஒரு குறை. வேகமாக வளைவில் திரும்பும்போது நான்கு சக்கர வண்டி கவிழப் பார்த்தது. மொஷே யோசித்தார். நான்கு சக்கரத்தைப் பாதியாக்கினால் என்ன? இரண்டு சக்கர வண்டி வளைவில் தானே சாய்ந்து கொடுக்குமல்லவா? இப்படித்தான் 1930களின் தொடக்கத்தில் இரு சக்கர வெலோகார் பிறந்தது.

அதன் வேகத்துக்குக் காரணம் என்ன? கொட்டும் மழையில் எதிர்க்காற்றுக்கு நேரே குடையை விரித்து நடந்து பாருங்கள். காற்று நம்மைப் பின்னால் தள்ளும். குடையை மடக்கினால் நடை எளிதாகும். நிமிர்ந்து உட்கார்ந்து மிதிவண்டி ஓட்டுகிறவரின் மார்பும் தோளும் விரித்த குடைபோல் காற்றைத் தாங்குகின்றன. சாய்ந்து அமர்ந்தவரோ மடக்கிய குடை. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. ஆகவே வேகம் கூடக் கூடச் சாய்ந்து அமர்வதன் இலாபமும் கூடுகிறது.

மொஷே தம் வண்டியைப் பந்தயத் திடலில் சோதித்தார். ஓட்டியவர் பிரான்சிஸ் ஃபோர். அவர் பந்தயக்காரர்களில் முதல் வரிசைக்காரர் அல்லர். அக்காலத்தில் மிதிவண்டி வீரர்கள் பெரிதும் மதித்தது, ஒரு மணி நேரத்தில் யார் அதிக தூரம் ஓட்டுகிறார் என்ற சாதனையைத்தான். 1914இல் ஆஸ்கார் எக் என்ற சுவிஸ் வீரர் 44.247 கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். 19 ஆண்டுகளாக அதை யாராலும் அசைக்க முடியவில்லை. 1933ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் பாரிஸ் நகரில் ஃபோர் வெலோகாரில் ஏறினார். ஒரு மணி நேரம் முடிந்தபோது அவர் ஓட்டியிருந்த தூரம் 45.055 கிலோமீட்டர்! பெரிய வீரர்களால் முடியாததை, சாதாரண வீரர் ஒருவர் 808 மீட்டர் கூடுதலாக ஓட்டி முடித்துவிட்டார்.

அடுத்த மாதமே மோரிஸ் ரிஷார் என்ற வீரர் வழக்கமான வண்டியில் 44.777 கிலோமீட்டர் ஓட்டினார். எக்கின் சாதனையை அவரும் முறியடித்தார். ஆனால் ஃபோரின் தூரத்தை எட்டவில்லை. யாருடைய சாதனையை ஏற்பது? வழக்கு அனைத்துலக மிதிவண்டிச் சங்கத்திடம் போனது.

ஒரு பக்கத்தார், "இரண்டு சக்கரம் இருக்கிறது, மனிதன்தான் மிதிக்கிறான், இது மிதிவண்டியே" என்று வாதாடினார்கள். மறுபக்கத்தாரின் வாதத்தையும் நாம் நேர்மையாக எடை போட வேண்டும். பந்தயம் என்பது மனிதருக்கும் மனிதருக்கும் நடப்பது. கருவி மாறினால் யார் வலியவர் என்று எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்டார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முடிவில், 1934இல் சங்கம் மிதிவண்டிக்கு இலக்கணம் வகுத்தது. மிதிகட்டையின் அச்சு தரையிலிருந்தும், இருக்கையிலிருந்தும், முன்சக்கரத்திலிருந்தும் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்று அளவுகள் குறிக்கப்பட்டன. அந்த அளவுக்குள் வெலோகார் அடங்கவில்லை. ஃபோரின் சாதனை வேறு வகையென்று தனியே ஒதுக்கப்பட்டது. ரிஷாரின் சாதனை ஏற்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே சார்லஸ் மொஷே காலமானார்.

தடை பந்தயத்துக்கு மட்டும்தானே, வேலைக்குப் போகிறவர்களுக்கு என்ன நட்டம் என்று நேயர்கள் கேட்கலாம். யாரும் சாலையில் ஓட்டக்கூடாது என்று சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் பந்தயத்தில் வெல்லும் வண்டியைத்தான் கடைக்காரர் கண்ணாடிக்குள் வைப்பார். தொழிற்சாலை அதைத்தான் ஆயிரக்கணக்கில் செய்யும். ஆயிரக்கணக்கில் செய்தால்தான் விலை இறங்கும். பந்தயத்தில் இடமில்லாத வண்டி கடையிலும் இடம் இழந்தது. முதுகு வலியோடும் எதிர்க்காற்றோடும் தினமும் பத்துக் கிலோமீட்டர் மிதித்த உழைப்பாளிக்கு, வேறு வழி ஒன்று உண்டு என்ற செய்தியே எட்டாமல் போயிற்று. ஒரு கூட்டத்தில் எழுதப்பட்ட சில அளவுகள் எங்கோ இருக்கும் ஏழையின் வாழ்வைத் தொடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆயினும் மொஷேயின் மகன் ஜார்ஜ் தளரவில்லை. வண்டியைச் சுற்றிக் காற்றை வழுக்கிவிடும் கூடு ஒன்றைப் பொருத்தினார். 1939ஆம் ஆண்டு மார்ச் மாதம் அதே பிரான்சிஸ் ஃபோர் அதில் ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டினார். அந்த ஆண்டே போர் மூண்டது. பெட்ரோல் கிடைக்காத காலத்தில் நான்கு சக்கர வெலோகார்கள் மக்களுக்கு உதவின. போர் ஓய்ந்து பெட்ரோல் திரும்பியதும் அவற்றை மறந்தார்கள்.

மறந்ததை நினைவூட்டியவர்கள் அமெரிக்காவின் பேராசிரியர்கள். கலிபோர்னியாவில் செஸ்டர் கைல் என்பவரும் அவர் தோழர்களும் 1975இல் எந்த உருவத்துக்கும் தடையில்லாத மனித ஆற்றல் வண்டிப் பந்தயத்தைத் தொடங்கி, மறு ஆண்டு அதற்கென ஒரு சங்கமும் அமைத்தார்கள். மாசசூசெட்ஸில் பேராசிரியர் டேவிட் கார்டன் வில்சன் சாலையில் ஓட்டத்தக்க சாய்மிதிவண்டிகளை உருவாக்குவதில் முனைந்தார். 1986இல் ஃபிரெட் மார்க்கம் கூடு பொருத்திய சாய்மிதிவண்டியில் மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். 2016இல் கனடாவைச் சேர்ந்த டாட் ரைக்கர்ட் நெவாடா மாநிலத்துச் சமவெளிச் சாலையில் மணிக்கு 144.17 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். எஞ்சின் இல்லை, இரண்டு கால்கள் மட்டுமே! ஆனால் அனைத்துலகச் சங்கத்தின் பந்தயங்களில் சாய்மிதிவண்டிக்கு இன்றும் இடமில்லை.

சரி, வேலைக்குப் போய்வர இப்படி ஒரு வண்டி வாங்குவதென்றால் எதைப் பார்ப்பது? வரலாறு கற்பித்த பாடத்திலிருந்தே தொடங்குவோம். பந்தயக்காரர் எதை ஓட்டுகிறார் என்று பார்க்காதீர்கள். நம் சாலை எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

முதலாவது, உயரம். பந்தய வண்டிகள் தரையோடு தரையாகத் தாழ்ந்திருக்கும். லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு அவை தெரியா. சாலையில் போகிறவருக்கு, கார் ஓட்டுநரின் கண்மட்டத்துக்கு நம் தலை வரும்படி உயர்ந்த இருக்கை வேண்டும். பின்னால் ஒரு கம்பியில் கொடி கட்டிக்கொள்வதும் நல்லது.

இரண்டாவது, எடை. சாய்மிதிவண்டிக்கு முதுகு தாங்கும் இருக்கை உண்டு. சங்கிலியோ வழக்கமானதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளம். ஆகவே எடை கூடுவது இயல்பு. இலேசான வண்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகுமா? ஒரு கணக்குப் போடுவோம். ஆள் 60 கிலோ, பை 5 கிலோ, வண்டி 15 கிலோ, மொத்தம் 80. வண்டியை 11 கிலோவாக்கினால் மிச்சம் 4 கிலோ, அதாவது 5 விழுக்காடு. மேடு ஏறும்போது உழைப்பு ஏறக்குறைய அவ்வளவு குறையும். சமதரையில் பெரிய வித்தியாசம் தெரியாது. தினமும் மேடு ஏறுகிறவருக்கும், வண்டியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறவருக்கும் இலேசான வண்டி தேவை. மற்றவர்கள் அந்தப் பணத்தை நல்ல பிரேக்குக்கும் விளக்குக்கும் செலவிடலாம். இலேசான சட்டம் எவ்வளவு சுமை தாங்கும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நீளம். சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகமுள்ள வண்டி ஆடாமல் அசையாமல் ஓடும். ஆனால் குறுகிய இடத்தில் திருப்புவது கடினம். குட்டையான வண்டி எளிதில் திரும்பும். ஆனால் சிலவற்றில் கூர்மையாகத் திருப்பும்போது குதிகால் முன்சக்கரத்தில் படும். ஓட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நான்காவது, கியர். வழக்கமான வண்டியில் மேடு வந்தால் எழுந்து நின்று உடல் பாரத்தை மிதிகட்டையில் இறக்குவோம். சாய்மிதிவண்டியில் எழுந்து நிற்க முடியாது. எனவே மெதுவாக ஏறுவதற்கேற்ற சிறிய கியர்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

இறுதியாக, பழக்கம். எத்தனை ஆண்டு மிதிவண்டி ஓட்டியவரும் இதில் முதல் நாள் தடுமாறுவார். ஆள் நடமாட்டமில்லாத திடலில் பழகிய பிறகே சாலைக்கு வர வேண்டும். சேறும் பள்ளமும் நிறைந்த செம்மண் பாதைதான் நம் வழி என்றால், இந்த வண்டி வேண்டாம். அதன் சிறிய முன்சக்கரம் ஒவ்வொரு பள்ளத்தையும் நம் முதுகுக்குச் சொல்லும். அங்கே நம் பழைய வண்டியே ராஜா. நல்ல தார்ச்சாலை, நீண்ட தூரம், எதிர்க்காற்று, கழுத்திலும் இடுப்பிலும் வலி என்றிருப்பவருக்கே சாய்மிதிவண்டி உற்ற துணை.

நேயர்களே, விதி வகுப்பவர்கள் ஒரு பொருளுக்குப் பெயரை மறுக்கலாம். அதன் பயனை மறுக்க முடியாது. "இதெல்லாம் ஒரு வண்டியா?" என்று ஊர் சிரித்ததைத் தம் மகனுக்காகச் செய்தார் ஒரு தகப்பன். நம் பிள்ளைகள் பழைய டயரையும் உடைந்த கம்பியையும் வைத்து எதையாவது கட்டிக்கொண்டிருந்தால், குப்பை சேர்க்கிறாய் என்று விரட்டாமல், "இது என்ன, எப்படி ஓடும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் பிள்ளை படிக்கத் தொடங்குகிறது.