இணையச் சிறுபணி

பெரிய வேலை ஒன்றைச் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ முடிகிற துணுக்குகளாக நறுக்கி, இணையத்தளம் ஒன்றின் வழியே முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பங்கிட்டு, துணுக்குக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் முறை இணையச் சிறுபணி. படத்தில் இருப்பது நாயா பூனையா என்று சொல்வது, கடை ரசீதைப் பார்த்துத் தட்டச்சு செய்வது, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது, ஆய்வாளர்களின் வினாத்தாளை நிரப்புவது ஆகியவை இதன் வழக்கமான வடிவங்கள். மைக்ரோவர்க், கிரவுட்வர்க் என்பன உலக வழக்கு. தமிழ்நாட்டில் இதற்கென்று தனிப் பெயர் நிலைக்கவில்லை. ‘டேட்டா என்ட்ரி’, ‘ஆன்லைன் ஜாப்’, ‘பார்ட் டைம்’ என்ற சொற்களுக்குள் இதுவும் அடங்கும்; இதன் பெயரால் நடக்கும் மோசடியும் அடங்கும்.

அனுபவமும் கைமுதலும் இல்லாமல் இணையத்தில் சம்பாதிக்க நினைப்பவர்களுக்கு மற்ற கதவுகளில் ஏதாவது ஒரு பூட்டு தொங்குகிறது. ஃபைவர், அப்வர்க் போன்ற ஃப்ரீலான்ஸ் தளங்களில் வாடிக்கையாளருக்குக் காட்ட முன்பே செய்த வேலை கையில் இருக்க வேண்டும். அப்வர்க்கில் விண்ணப்பம் போடவே ‘கனெக்ட்ஸ்’ என்னும் வில்லைகள் செலவாகும். தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். யூடியூப் விளம்பர வருவாயில் பங்கு கேட்க 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். மணிக்கணக்கு இல்லையென்றால் அதற்குப் பதில் 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை வேண்டும். சிறுபணித் தளம் இவற்றைக் கேட்பதில்லை. அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு, ஒரு கணினி அல்லது போன் இருந்தால் போதும். யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பதாலேயே கூலி தரைமட்டத்தில் நிற்கிறது.

பொம்மைக்குள் மனிதன்

இந்த முறையின் வித்து 2001இல் அமெரிக்காவில் பதியப்பட்ட ஒரு காப்புரிமை விண்ணப்பத்தில் இருக்கிறது. கணினி தன்னால் முடியாத பகுதியைப் பிரித்து மனிதர்களுக்கு அனுப்பி, விடையைத் திரும்ப வாங்கிக் கோத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அது விவரித்தது. கண்டுபிடிப்பாளர்களாகக் குறிக்கப்பட்டவர்களில் வெங்கி ஹரிநாராயண், ஆனந்த் ராஜாராமன் ஆகிய இருவரும் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள். அவர்கள் சேர்ந்து தொடங்கிய ஜங்லி நிறுவனத்தை அமேசான் 1998இல் வாங்கியிருந்தது. அமேசானுக்கு அன்றிருந்த தலைவலி, ஒரே பொருள் இரண்டு மூன்று பக்கங்களில் விற்பனைக்கு வந்து நிற்பது. இரண்டும் ஒன்றுதானா என்பதை மனிதக் கண் நொடியில் சொல்லிவிடும். அன்றைய நிரலால் முடியவில்லை.

உள்வேலைக்காக உருவான இந்த ஏற்பாட்டை 2005 நவம்பர் 2 அன்று ‘அமேசான் மெக்கானிக்கல் டர்க்’ என்ற பெயரில் வெளியாருக்கும் திறந்தார்கள். பெயர் பழைய கதை ஒன்றிலிருந்து வந்தது. 1770இல் வொல்ஃப்காங் ஃபோன் கெம்பலன், ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் சபையில் சதுரங்கம் ஆடும் பொம்மை ஒன்றைக் காட்டினார். தலைப்பாகை கட்டிய துருக்கியர் உருவம். முன்னால் பல்சக்கரங்கள் தெரியும் ஒரு பெட்டி. 1809இல் நெப்போலியனும் அதனோடு ஆடினார். பெட்டிக்குள் கைதேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் மடங்கி உட்கார்ந்திருந்தார். ஊர் ஊராகச் சுற்றிய அந்தப் பொம்மை 1854இல் ஃபிலடெல்ஃபியாவில் தீயில் அழிந்தது. இயந்திரம் என்று காட்டி மனிதனை ஒளித்துவைத்த ஒரு வித்தையின் பெயரைத் தன் சேவைக்கு அமேசான் தானே சூட்டிக்கொண்டது. இந்த அளவு வெளிப்படையாகப் பேசிய நிறுவனப் பெயர் வேறு இருக்குமா தெரியவில்லை.

ஒரு ரசீது

மெக்கானிக்கல் டர்க்கில் ஒரு துணுக்கை ‘ஹிட்’ என்பார்கள். வேலை கொடுப்பவர் ‘ரிக்வெஸ்டர்’. பட்டியலில் ஒவ்வொரு ஹிட்டுக்கும் நேராக அதன் கூலி சென்ட் கணக்கில் தெரியும். பல்பொருள் அங்காடி ரசீதின் படம் ஒன்று, கூலி 5 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுக்கொண்டதும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. படம் மங்கல், ரசீது கசங்கியிருக்கிறது, மூன்றாவது வரியில் இருப்பது 8ஆ 3ஆ என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கடைப் பெயர், தேதி, பொருள், விலை என்று கட்டம் கட்டமாக நிரப்பி அனுப்ப, பழகிய கைக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. இந்த வேகத்தில் மணிக்கு 30 ரசீது, ஒன்றரை டாலர்.

ஆனால் ஒரு மணி நேரம் முழுக்க ரசீது கிடைப்பதில்லை. நல்ல ஹிட் வந்த கணத்திலேயே காணாமல் போகும். பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டே காத்திருப்பது, விளக்கக் குறிப்பைப் படிப்பது, பாதியில் பக்கம் உறைந்து கைவிடுவது எல்லாம் கூலியில்லா நேரம். 2018இல் வெளியான ஓர் ஆய்வு 2,676 பேர் செய்த 38 லட்சம் துணுக்குகளின் பதிவை எடுத்து, இந்த வீண் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டது. இடைநிலைக் கூலி மணிக்கு ஏறத்தாழ 2 டாலர். அமெரிக்காவின் கூட்டரசுக் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலருக்கு மேல் ஈட்டியவர்கள் 4 சதவீதம் மட்டுமே. வேலை கொடுப்பவரிடம் அமேசான் தனக்கு வசூலிக்கும் கட்டணம், 2015இல் கூலியின் 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்ந்தது. ஒரே துணுக்கைப் பத்து பேருக்கோ அதற்கு மேலோ கொடுத்தால் இன்னொரு 20 சதவீதம்.

தள்ளுபடியும் மதிப்பெண்ணும்

வேலையை அனுப்பியதும் காசு வந்துவிடாது. கொடுத்தவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதற்கு 30 நாள்வரை அவர் தவணை வைத்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லையென்றால் தள்ளுபடி செய்யலாம். தள்ளுபடி செய்த வேலைக்குக் கூலி கிடையாது. ஆனால் அந்த வேலை அவர் கையில்தான் இருக்கும். தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்துப் பீடிக்கடைகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது அங்கும் கணக்கு. கட்டைப் பிரித்துப் பார்த்துக் கழித்துப் போடுவதும், கழித்த பீடிக்குக் கூலி இல்லாததும் அங்கும் நெடுநாள் மனக்குறை. ஒரே வித்தியாசம், பீடிக்கடையில் கழிப்பவரோடு முகம் பார்த்துச் சண்டை போட முடியும்.

தள்ளுபடியின் அடி கூலியோடு நிற்பதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒப்புதல் விகிதம் என்றொரு எண் உண்டு. ஓரளவு கூலி கொடுக்கும் ரிக்வெஸ்டர்கள் விகிதம் 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும், முடித்த வேலைகள் சில நூறோ ஆயிரமோ இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை போடுவார்கள். ஆகவே புதிதாக வருபவர் முதல் சில வாரங்களை அடிமாட்டுக் கூலி வேலைகளில் கழித்து அந்த எண்ணைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்த நாள்களில் இருபது வேலை தள்ளுபடியானால் கணக்கு எழுந்திருக்கவே பாடுபடும். முதல் தேவையில்லை என்று சொல்லப்படும் இந்தத் தொழிலில் உண்மையான முதல் இதுதான்: கூலியில்லாமலோ அரைக்கூலிக்கோ கொடுத்த நேரம். நாணயமற்ற ரிக்வெஸ்டர்களை அடையாளம் காட்ட ஆய்வாளர்கள் லில்லி இரானி, சிக்ஸ் சில்பர்மன் ஆகியோர் டர்காப்டிகான் என்ற கருவியை உருவாக்கினார்கள். கொடுப்பவர் செய்பவருக்கு மதிப்பெண் போட்ட இடத்தில், செய்பவரும் கொடுப்பவருக்கு மதிப்பெண் போட அது வழி செய்தது.

இந்தியாவும் இலங்கையும்

2010 வாக்கில் மெக்கானிக்கல் டர்க்கில் இருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இந்தியர். டாலரை ரூபாயாக்கிப் பார்த்தால் 2 டாலர் சிறிய தொகையல்ல என்பதுதான் ஈர்ப்பு. ஆனால் பல ஹிட்டுகள் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று பூட்டப்பட்டிருக்கும். மீதியும் அமெரிக்கப் பகலில்தான் அதிகம் வரும். இங்கே அது நள்ளிரவு. ஆய்வாளர்கள் மேரி கிரே, சித்தார்த் சூரி இருவரும் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் களஆய்வு செய்து எழுதிய ‘கோஸ்ட் வர்க்’ (2019), இத்தகைய உழைப்பை விரிவாகப் பதிவு செய்த நூல்.

காசு கைக்கு வந்து சேர்வது தனிப் பாடு. இலங்கையில் பல்லாண்டுகளாகப் பேபால் வழியே பணம் அனுப்ப முடிந்ததே தவிர, பெற முடியவில்லை. அதனால் அங்குள்ள ஃப்ரீலான்ஸர்கள் பேயோனியர் போன்ற மாற்று வழிகளைப் பிடித்துக்கொண்டார்கள். சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியது கூலிப் பட்டியலை அல்ல. குறைந்தது எவ்வளவு சேர்ந்தால் எடுக்கலாம், எந்த வழியாக எடுக்கலாம் என்பதை.

நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020–21இல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள், அதாவது நிரந்தர வேலை இல்லாமல் பணிக்குப் பணி கூலி பெறுபவர்கள், இருந்ததாக மதிப்பிட்டது. நலவாரியம், காப்பீடு என்ற பேச்சில் பெரும்பாலும் முன்னால் தெரிபவர்கள் உணவு கொண்டுவருபவர்களும் வண்டி ஓட்டுபவர்களும்தான். வீட்டுக்குள் திரைமுன் உட்கார்ந்திருப்பவர் யார் கண்ணிலும் படுவதில்லை.

செயற்கை அறிவுக்குப் படியளப்பது

சிறுபணியின் மிகப் பெரிய விளைச்சல் இமேஜ்நெட் என்னும் படத்தொகுப்பு. கணினி அறிவியலாளர் ஃபெய்-ஃபெய் லீ தலைமையிலான குழு, கணினிக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்க 1.4 கோடிப் படங்களுக்குப் பெயர் சூட்ட விரும்பியது. மெக்கானிக்கல் டர்க் வழியே 167 நாடுகளைச் சேர்ந்த சுமார் 49,000 பேர் அதைச் செய்து முடித்தார்கள். 2012இல் அந்தத் தொகுப்பை வைத்து நடந்த போட்டியில் ஒரு கணினி மாதிரிக்குக் கிடைத்த வெற்றிதான் இன்றைய செயற்கை அறிவு அலையின் தொடக்கம் என்று பொதுவாகக் கொள்வார்கள். இதே வகை வேலையைக் காசே இல்லாமல் வாங்கியதும் உண்டு. ‘நான் ரோபோ அல்ல’ என்று மெய்ப்பிக்க நாம் தட்டிய ரீகேப்சா எழுத்துகள் பழைய புத்தகங்களையும் செய்தித்தாள்களையும் எண்ணிமமாக்கப் பயன்பட்டன.

கூலி எப்போதும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மைக்ரோசாஃப்டின் இந்திய ஆய்வுக்கூடத்தில் தொடங்கி 2021இல் தனியே பிரிந்த, பெங்களூரைச் சேர்ந்த கார்யா என்ற லாபநோக்கற்ற அமைப்பு, இந்திய மொழிகளில் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்பவர்களுக்கு மணிக்கு 5 டாலர் அளவில் கொடுத்தது. இங்கே ஆங்கிலம் தெரியாதது குறையாக இல்லை. வட்டாரப் பேச்சே சரக்கு.

2023இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், மெக்கானிக்கல் டர்க்கில் கட்டுரைச் சுருக்கம் எழுதும் வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். வந்தவற்றில் 33 முதல் 46 சதவீதம்வரை செயற்கை அறிவு மாதிரிகளின் உதவியோடு எழுதப்பட்டவை என்று மதிப்பிட்டார்கள். இயந்திரத்துக்குள் மனிதன் ஒளிந்திருந்த பொம்மையில் இப்போது அந்த மனிதனுக்குள் ஓர் இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. எழுத்து வேலைகள் இதனால் சுருங்கிவர, மாதிரிகளின் விடைகளை ஒப்பிட்டு மதிப்பிடும் வேலைகள் பெருகியுள்ளன. அவற்றுக்குத் தேர்வு எழுதித் தேற வேண்டும். அனுபவமில்லாதவர்களுக்கான கதவு அங்கே பாதிதான் திறந்திருக்கிறது.

பெயரால் நடக்கும் மோசடி

தமிழ்நாட்டில் ‘வீட்டிலிருந்தே வேலை’ என்றவுடன் பலருக்கு நினைவு வருவது வேலையல்ல, ஏமாந்த கதை. பழைய வகை, பதிவுக் கட்டணம். படிவம் நிரப்பும் வேலை தருவதாகச் சொல்லிச் சில ஆயிரம் ரூபாய் வாங்குவார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, பிழை இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் அபராதம் என்பார்கள். படங்கள் வேண்டுமென்றே மங்கலாக இருக்கும். பத்தாம் நாள் வக்கீல் நோட்டீஸ் என்ற பெயரில் ஒரு தாள் வாட்ஸாப்பில் வரும். பயந்துபோய் மறுபடியும் கட்டியவர்கள் உண்டு.

புதிய வகை, ‘டாஸ்க்’. தெரியாத எண்ணிலிருந்து செய்தி வருகிறது: வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய். போட்டால் உண்மையிலேயே கணக்கில் பணம் வரவாகிறது. அதுதான் தூண்டில் புழு. அடுத்து டெலிகிராம் குழு. ‘எனக்கு இன்று எட்டாயிரம் வந்தது’ என்று எழுதும் உறுப்பினர்கள், அத்தனை பேரும் மோசடிக்காரர்களின் ஆட்கள். பிறகு ‘ப்ரீபெய்டு டாஸ்க்’: ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு. தொகை ஏற ஏற, திரையில் லாபம் தெரியும். எடுக்கப் போனால் வரி கட்டு, கணக்கை விடுவிக்கக் கட்டு என்பார்கள். இதே குழுக்களில் ‘உங்கள் பேங்க் அக்கவுண்டை வாடகைக்குக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்’ என்ற அழைப்பும் வரும். அதை ஏற்றவர் ஏமாந்தவர் பட்டியலில் அல்ல, குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியலில் வருவார். வேலை செய்பவரிடம் கூலி கொடுப்பவன் காசு கேட்டால் அது வேலை அல்ல. இந்த ஒரு சோதனையே பெரும்பாலான மோசடிகளைப் பிடித்துவிடும். பணம் போனால் 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் தொகை கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும்.

அந்த ‘டாஸ்க்’ செய்தியைத் தட்டச்சு செய்பவரும் சில நேரம் தன் விருப்பத்தில் உட்கார்ந்திருப்பவர் அல்ல. மியான்மரிலும் கம்போடியாவிலும் வேலி போட்ட வளாகங்களில் ஆட்களை அடைத்துவைத்து இத்தகைய மோசடிகளை நடத்துகிறார்கள். 2022 அக்டோபரில், மியான்மரில் சிக்கியிருந்த தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அவர்கள் புறப்பட்டது தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்ற பேச்சை நம்பி.