அஞ்சல் வழங்கியும் சிதறிய ஆவணங்களும்

மின்னஞ்சல் வழங்கியொன்றை நிறுவ முற்படுவோரைத் திகைக்க வைப்பது மென்பொருளன்று. அதன் விளக்கம் பல ஏடுகளிற் சிதறிக் கிடக்கும் நிலையே. எழுதினோரின் அசிரத்தையே இதற்குக் காரணமென்பர் சிலர். அது பொருந்தாது. இந்நிலைக்கு ஒரு வரலாறு உண்டு.

1970களின் இறுதியிற் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்தில் ஒன்றோடொன்று ஒவ்வாத வலையமைப்புகள் இயங்கின. அர்ப்பாநெற் முகவரியிற் பயனர் பெயர் முன்னும் கணினிப் பெயர் பின்னும் நின்றன. யூ.யூ.சி.பி. வலையிலோ கணினிப் பெயரே முன்னின்றது, இடையில் வியப்புக்குறி. வளாகத்தின் சொந்த வலை முக்காற்புள்ளியைக் கையாண்டது. இவற்றை இணைக்க எரிக் ஓல்மன் 1979 இல் ‘டெலிவர்மெயில்’ என்னும் நிரலை எழுதினார். அதன் அமைப்பு நிரலுக்குள்ளேயே பதிந்திருந்தமையால் வலை மாறுந்தோறும் நிரலை மீளத் தொகுக்க வேண்டியிருந்தது. பின்னர் அவர் ஆக்கி, 1983 இல் பி.எஸ்.டி. யுனிக்சுடன் வெளிவந்த ‘செண்ட்மெயில்’ விதிகளைத் தனிக் கோப்பொன்றில் வைத்தது. எவ்வகை முகவரியையும் வேண்டிய வடிவுக்கு மாற்றும் ஆற்றல் அதற்கு வாய்த்தது. வாசித்தற்குரிய எளிமை வாய்க்கவில்லை. வரிகள் ஓரெழுத்துக் கட்டளைகளுடன் தொடங்கின. விதியின் இரு பக்கங்களையும் பிரிப்பது ‘ராப்’ குறி. அவ்விடத்துச் சாதாரண இடைவெளி விட்டால் விதி செயற்படாது. கண்ணுக்கோ இரண்டும் ஒன்றே!

இக்கோப்பை மட்டும் அறிந்தாற் போதாது. அஞ்சற் பரிமாற்ற நெறி 1982 ஆகஸ்டில் 821 ஆம் இலக்க ஆர்.எவ்.சி. ஆவணத்திலும், மடலின் வடிவம் 822 இலும் வகுக்கப்பட்டன. களப்பெயர் வழி அஞ்சலைச் செலுத்தும் முறை 1986 இல் 974 ஆக வந்தது. 1989 இல் வெளியான 1123 பல திருத்தங்களைக் கூறிற்று. வெளியான ஆர்.எவ்.சி. பின்னர் மாற்றப்படுவதில்லை என்பது அத்தொடரின் நியதி. ஆதலின், பழைய ஏட்டை மட்டும் வாசித்தவர் புதியதொன்று உண்டென்பதை அதிலிருந்தே அறிதல் இயலாது. பரிமாற்றம் பற்றியவை 2001 இல் 2821 ஆக ஒன்றுசேர்க்கப்படும்வரை 19 ஆண்டுகள் கழிந்தன.

இடையில், 1988 நவம்பர் 2 இல் றொபேட் மொறிஸ் விடுத்த புழுநிரல் ஆயிரக்கணக்கான கணினிகளிற் பரவிற்று. அது புகுந்த வழிகளுள் ஒன்று செண்ட்மெயிலின் பிழையறி கட்டளை. பரீட்சைக்கென வைக்கப்பட்ட அக்கதவு பல கணினிகளில் மூடப்படாமலே இருந்தது. அறியாமையின் விலை அன்று வெளிப்பட்டது.

1993 இல் ஓரைலி நிறுவனம் வெளியிட்ட, அட்டையில் வௌவாற் படம் தாங்கிய செண்ட்மெயில் நூல் பலருக்குக் கைகொடுத்தது. 1997 இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு ஆயிரம் பக்கங்களைத் தாண்டிற்று. நிரலொன்றின் அமைப்பை விளக்க இத்துணை பக்கங்கள் வேண்டப்பட்டமை அந்நிரல் பற்றிய கடுமையான விமர்சனம் என்றே யான் கருதுகிறேன்.

வீட்சே வெனமா ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஆக்கி 1998 இல் வெளிவந்த ‘போஸ்ற்பிக்ஸ்’ பெயர், சமக்குறி, பெறுமதி என்ற எளிய வடிவை மேற்கொண்டது. அதன் ஆவணங்களும் செம்மையானவை. ஆயினும் அஞ்சற்பெட்டியைத் திறந்து வாசிக்க ‘டொவ்கொற்’ போன்ற பிறிதொரு மென்பொருள் வேண்டும். அதற்கு வேறு கையேடு. அனுப்புநரை உறுதிசெய்யும் எஸ்.பி.எவ். 2006 இலும், டி.கே.ஐ.எம். 2007 இலும், டிமார்க் 2015 இலும் தனித்தனி ஆர்.எவ்.சி.களாக வந்து சேர்ந்தன. இன்று மடலொன்று மறுக்கப்படின் அதன் காரணம் வழங்கியின் எக்கோப்பிலும் இல்லாதிருக்கலாம். அது களப்பெயர்ப் பதிவொன்றில் இருக்கும். அப்பதிவைப் பேணுபவர் பெரும்பாலும் வேறொருவர்.