குழந்தையின் இருதயமும் கணனியும்

இருதயக் குறையுடன் பிறந்த குழந்தைகளுக்கு ஒரு காலத்தில் வைத்தியர் செய்யத்தக்கது சிறிதே. 1944 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில், ஹெலன் ரௌசிக் அம்மையாரின் எண்ணத்தைப் பின்பற்றி, அல்பிரட் பிளலொக்கும் விவியன் தோமசும் ‘நீலக் குழந்தை’ சத்திரசிகிச்சையை உருவாக்கினர். சிகிச்சைக்கு வழி பிறந்ததும் ஒரு கேள்வியும் பிறந்தது: மார்பைத் திறக்குமுன், உள்ளிருக்கும் குறை இன்னதென அறிவது எவ்வாறு?

நாளத்தினூடாக மெல்லிய குழாயொன்றை இருதயம்வரை செலுத்திப் பார்ப்பது ஒரு வழி. 1929 இல் ஜேர்மானிய வைத்தியர் வேர்ணர் போர்ஸ்மான் தம் உடலிலேயே இதனைச் செய்து காட்டினார். பயன்மிக்க முறைதான், ஆயினும் பச்சிளங் குழந்தைக்கு அது வேதனையும் ஆபத்தும் உடையது.

மற்றொரு வழியைக் கணிதம் காட்டியது. ஆங்கிலேயப் பாதிரியார் தோமஸ் பேய்ஸ் எழுதிய கட்டுரை, அவர் மறைந்தபின் 1763 இல் வெளிவந்தது. புதிய சான்று கிடைக்குந்தோறும் ஒரு முடிவின் நிகழ்தகவு எவ்வாறு மாறும் என்பதே அதன் பொருள். ஆயிரம் குழந்தைகளில் 10 பேருக்கு ஒரு நோய் உண்டு என வைத்துக்கொண்டால், அதன் குறி நோயுற்றோரில் 9 பேரிடமும், நோயற்ற 990 பேரில் 99 பேரிடமும் காணப்படுமாயின், குறியுடைய 108 பேரில் உண்மையாக நோயுற்றோர் 9 பேரே. குறியைக் கண்டதும் முடிவுகட்டுதல் எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

1961 இல் சோல்ற் லேக் நகரத்து ஹோமர் வார்னரும் அவருடைய துணைவர்களும் இம்முறையைக் கணனியின் துணையுடன் பிறவி இருதய நோய்களுக்குப் பயன்படுத்தினர். குழந்தையின் வயது, உடலின் நீலம், இருதயத்தின் முணுமுணுப்பு, மின்வரைபடம் என்பன கணனிக்குக் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு நோய்க்கும் உரிய நிகழ்தகவை அது கணித்துக் கூறியது.

இன்று ‘இயந்திரக் கற்றல்’ எனப்படும் கலையில் இம்முயற்சி பெருவிருட்சமாகிவிட்டது. குழாய் செலுத்தாமலே இருதயத்தைக் காட்டும் மீயொலிப் படங்களையும் இயந்திரம் ஆராய்கின்றது. எனினும் அடிப்படை மாறவில்லை. முணுமுணுப்பை வைத்தியர் பிழையாகக் கேட்டால், இயந்திரமும் பிழையாகவே கணிக்கும். ஒரு நாட்டுக் குழந்தைகளின் பதிவுகளிலிருந்து கற்றது, வேறொரு நாட்டுக் குழந்தைகளுக்குப் பொருந்தாமலும் போகலாம்.

இயந்திரம் தருவது தீர்ப்பன்று, நிகழ்தகவே. எந்தக் குழந்தைக்குக் குழாய் வேண்டும், எந்தக் குழந்தைக்கு அவ்வேதனை வேண்டாம் எனத் தீர்மானிக்கும் பொறுப்பு, அன்று போல் இன்றும் வைத்தியருடையதே.